போர்க்களத்தில் முளைத்த தன்னார்வம்... அயலூர் இளைஞர்களுக்குத் துணை நிற்கும் ‘மென்டார்’கள் உருவாகும் கதை!

பாரிஸின் கிழக்கு ரயில் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ‘மியூஸ்’ ஸ்டேஷன் வந்துவிடும். ஊர் எதுவும் கண்ணில் படாது. வயல்களுக்கு நடுவே தனியாக நிற்கிற ஸ்டேஷன் அது. வாசலில் காத்திருக்கும் பஸ்ஸில் ஏறி அரை மணி நேரம் போனால் வெர்டன் நகரம்.

நதிக்கரையில் வரிசையாகக் காபிக் கடைகள், பழைய கோட்டை வாசல், தேவாலயக் கோபுரங்கள். முதல் பார்வைக்கு வெர்டன் சாதுவான ஊர்தான். இங்கே ஸ்பெஷல், பாதாம் மிட்டாய். பாதாம் பருப்பின் மேல் சர்க்கரை ஓடு பூசி, வெள்ளையும் ரோஸுமாக அடுக்கி வைத்திருப்பார்கள். 1220-ம் வருடம் இந்த ஊர் மருந்துக்கடைக்காரர் ஒருவர், பாதாமைக் கெடாமல் பாதுகாக்க வழி தேடியபோது பிறந்த பண்டம் என்று சொல்கிறார்கள். பிரான்ஸில் கல்யாணம் என்றாலும், குழந்தைக்குப் பெயர் வைக்கும் ஞானஸ்நானம் என்றாலும் இந்த மிட்டாய் இருக்கும். நம் ஊரில் தாம்பூலப் பையில் கற்கண்டு வைப்பதுபோல!

ஆனால், வெர்டன் என்ற பெயரைக் கேட்டதும் பிரெஞ்சுக்காரர்களுக்கு மிட்டாய் நினைவுக்கு வராது. முதல் உலகப்போரில், 1916 பிப்ரவரி 21-ம் தேதி தொடங்கி டிசம்பர் வரை, சுமார் 300 நாள்கள் இங்கே சண்டை நடந்தது. பிரான்ஸ், ஜெர்மனி இரண்டு தரப்பையும் சேர்த்து ஏறத்தாழ 3 லட்சம் பேர் செத்துப்போனார்கள். ஒன்பது கிராமங்கள் தரைமட்டமாயின. நகருக்கு வெளியே துவோமோன் குன்றில் இருக்கும் நினைவு மண்டபத்தின் கீழ்த்தளத்தில், யார் எவர் என்று அடையாளம் தெரியாத 1,30,000 வீரர்களின் எலும்புகள் குவிந்து கிடக்கின்றன. சின்னச் சின்ன ஜன்னல்கள் வழியாக வெளியிலிருந்தே பார்க்கலாம். பிரெஞ்சுக்காரன் எலும்பு எது, ஜெர்மானியன் எலும்பு எது என்று பிரிக்க யாராலும் முடியவில்லை.

சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் அந்த மண்டபத்தோடு திரும்பிவிடுகிறார்கள். நதியைத் தாண்டி வடமேற்கே இன்னும் கொஞ்ச தூரம் போனால் ‘எஸ்னெஸ்’ என்று ஒரு குட்டிக் கிராமம் வரும். (எழுத்தில் இருக்கும் ‘ஸ்’களை எல்லாம் விழுங்கிவிட்டு, பிரெஞ்சுக்காரர்கள் அதை ஏறக்குறைய ‘என்’ என்றுதான் உச்சரிக்கிறார்கள்.) பைன் மரக்காடு மூடிய குன்றுகள், மேய்ச்சல் நிலம், கோதுமை வயல், அமைதியான தெரு. நூறு வருடங்களுக்கு முன் விழுந்த வெடிக்காத குண்டுகள் இன்னமும் இந்த வட்டாரத்தில் உழும்போது ஏர்முனையில் தட்டுப்படுகின்றன.

இன்று உலகம் முழுக்க இளைஞர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாத நாட்டுக்குச் சேவை செய்யக் கிளம்புகிறார்கள் அல்லவா, அந்தப் பழக்கத்தின் வேர்களில் ஒன்று இந்தக் கிராமத்தில்தான் இருக்கிறது.

ஐந்தே மாதங்கள்

பியர் செரெசோல், சுவிட்சர்லாந்துக்காரர். படித்தது இன்ஜினீயரிங். அவருடைய அப்பா 1873-ல் சுவிட்சர்லாந்தின் ஜனாதிபதியாக இருந்தவர். மகனோ ராணுவத்துக்காக வசூலிக்கப்பட்ட வரியைக் கட்ட மாட்டேன் என்று மறுத்துச் சிறைக்குப் போனவர். போர் முடிந்தபின் நெதர்லாந்தின் பில்தோவன் என்ற ஊரில் அமைதி விரும்பிகள் கூடிப் பேசினார்கள். பேசிக்கொண்டே இருந்தால் எப்படி, உடைந்ததைக் கையால் கட்டிக்கொடுப்போம் என்ற யோசனை அங்கே எழுந்தது. 1920 நவம்பரில் சின்னக் குழு ஒன்று எஸ்னெஸுக்கு வந்து சேர்ந்தது. ‘சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்’ என்ற அமைப்பின் முதல் முகாம் அதுதான். குழுவில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள்.

இடிந்துபோன ஊரில் மரக்குடிசைகள் போட்டுக் கொடுத்தார்கள். சாலையைச் சரிசெய்தார்கள். குண்டுக்குழிகளை மூடி நிலத்தைப் பயிருக்குத் தயார்செய்தார்கள். குளிர்காலம் முழுக்க வேலை நடந்தது. ஆனால், அந்த மண்ணில் ஜெர்மானியர்கள் இருப்பது அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. ஊரிலும் முணுமுணுப்பு இருந்தது. 1921 ஏப்ரலில் முகாம் கலைந்தது. மொத்தம் ஐந்தே மாதங்கள்.

வந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. உழைக்கத்தான் வந்தார்கள். ஊர்க்காரர்களையும் குறை சொல்ல முடியாது. வீடும் பிள்ளையும் போய் நான்கைந்து வருடங்கள்கூட ஆகவில்லை. அதே மொழி பேசும் ஒருவன் மண்வெட்டியோடு வாசலில் வந்து நின்றால் என்ன செய்வது? ‘மன்னித்துவிடு’ என்று ஒரு பக்கம் நீட்டிய கையை, ‘கொஞ்ச நாள் தனியாக விடு’ என்று இன்னொரு பக்கம் தட்டிவிட்டது. இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, அவர் என்ன நினைக்கிறார் என்பதை இவருக்கும், இவர் என்ன நினைக்கிறார் என்பதை அவருக்கும் எடுத்துச் சொல்வதே ஒரு தனி வேலை என்று அன்றைக்கு யாரும் நினைத்திருக்கவில்லை. அப்படி ஒருவர் இருந்திருந்தால் முகாம் பிழைத்திருக்கும் என்று அடித்துச் சொல்லிவிடவும் முடியாது. சில காயங்களுக்குக் காலம்தான் மருந்து. 1984-ல் துவோமோனில் பிரெஞ்சு ஜனாதிபதி மித்திரானும் ஜெர்மன் பிரதமர் கோலும் கைகோத்து நின்ற புகைப்படம் உலகப் புகழ்பெற்றது. அதற்கே 60 வருடங்களுக்கு மேல் ஆகியிருக்கிறது!

செரெசோல் விடவில்லை. 1924-ல் சுவிஸ் மலைக்கிராமம் ஒன்றில் பனிச்சரிவின் இடிபாடுகளை அகற்றும் முகாம் நடந்தது. 1927-ல் லிக்டென்ஸ்டைனில் வெள்ளம் வந்தது; 1928-ல் அதன் சேதங்களைச் சரிசெய்ய நூற்றுக்கணக்கான பேர் திரண்டார்கள். 1934 ஜனவரியில் பீகாரைப் பூகம்பம் உலுக்கியபோது, செரெசோல் கப்பலேறி இந்தியாவுக்கே வந்தார். காந்தியைச் சந்தித்தார். ராஜேந்திர பிரசாத் முன்னின்று நடத்திய நிவாரணப் பணிகளோடு சேர்ந்து, பின்னர் ஒரு சிறு குழுவோடு கிராமங்களில் வீடு கட்டும் வேலை செய்தார்.

அம்மாவும் இல்லை, வார்டனும் இல்லை!

இப்போது ஐரோப்பாவில் இதெல்லாம் பெரிய ஏற்பாடாக வளர்ந்திருக்கிறது. 1996-ல் ‘ஐரோப்பியத் தன்னார்வச் சேவை’ என்று சோதனை முயற்சியாகத் தொடங்கியது, 2018 முதல் ‘ஐரோப்பிய ஒருமைப்பாட்டுப் படை’ என்ற பெயரில் தனித் திட்டமாக நடக்கிறது. பெயரில் படை இருக்கிறதே தவிர, துப்பாக்கி கிடையாது. 18 முதல் 30 வயது வரை உள்ளவர்கள் இரண்டு மாதங்கள் முதல் ஒரு வருடம் வரை வேறு நாட்டில் தங்கி வேலை செய்யலாம். முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளிகள் மையம், காடு வளர்ப்பு, நூலகம், அகதிக் குழந்தைகளுக்கான பள்ளி... வாரத்துக்கு 30 முதல் 38 மணி நேர வேலை. மாதத்துக்கு இரண்டு நாள் விடுமுறை. தங்கும் இடம், சாப்பாடு, காப்பீடு எல்லாம் திட்டத்தின் செலவு. கைச்செலவுக்கு நாளொன்றுக்குச் சில யூரோக்கள். (இந்தியாவில் வசிப்பவர்கள் இதில் தன்னார்வலராகச் சேர முடியாது. ஐரோப்பிய ஒன்றியமும் அதன் அண்டை நாடுகளும்தான் கணக்கு.)

போய் இறங்கும் ஒவ்வொருவருக்கும் அந்த ஊரில் ஒரு ‘மென்டார்’ இருக்க வேண்டும் என்பது விதி. வேலையை மேற்பார்வை செய்யும் ஆளே மென்டாராக இருக்கக் கூடாது என்பதுதான் இதில் முக்கியம். காலையில் ‘ஏன் லேட்?’ என்று கேட்டவரிடமே சாயங்காலம் போய் ‘அழுகையா வருது’ என்று சொல்ல முடியாதல்லவா?

மென்டார் என்ற சொல்லே ஒரு பெயர்தான். கிரேக்கக் காவியமான ‘ஒடிஸி’யில், போருக்குப் போன ஒடிஸியஸ் தன் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போகும் நண்பரின் பெயர் அது. பின்னால் அப்பாவைத் தேடிக் கிளம்பும் மகனுக்கு, அதீனா தேவதை அந்த நண்பரின் உருவத்தில் வந்து துணை நிற்கிறாள். இன்றைய மென்டார்கள் தேவதைகள் இல்லை. பள்ளி ஆசிரியை, ஓய்வுபெற்ற தபால்காரர், கல்லூரி மாணவி, முன்பு வேறு நாட்டில் தன்னார்வலராக இருந்துவிட்டு வந்தவர் என்று சாதாரண மனிதர்கள். பெரும்பாலும் சம்பளம் இல்லாமல்தான் செய்கிறார்கள்.

வேலை என்னவோ எளிதாகத் தெரியும். பஸ் பாஸ் எங்கே வாங்குவது, டாக்டரிடம் எப்படி அப்பாயின்ட்மென்ட் வாங்குவது, ஞாயிற்றுக்கிழமை கடை திறந்திருக்குமா... ஹாஸ்டலில் முதல் மாதம் கழித்த எவருக்கும், புகுந்த வீட்டில் சர்க்கரை டப்பா எது என்று தேடிய எந்தப் பெண்ணுக்கும் தெரியும், இந்தச் சின்னக் கேள்விகளைக் கேட்க ஒரு ஆள் இல்லாவிட்டால் எப்படித் தொண்டை அடைக்கும் என்று. மொழியும் தெரியாத ஊரில் 19 வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

நல்ல மனசு மட்டும் போதாது என்பதால்தான் மென்டார்களுக்கே பயிற்சி. ஏதாவது ஒரு சிறு நகரத்து விடுதியில், நான்கைந்து நாள்களுக்கு, பல நாடுகளிலிருந்து இருபது, இருபத்தைந்து பேர் கூடுவார்கள். மேடை, மைக், பவர்பாயின்ட் எல்லாம் குறைவு. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்வதுதான் வழக்கம். எல்லோருக்கும் எல்லோரும் பெயர் மட்டும்தான். சார், மேடம் கிடையாது.

சீட்டுக்கட்டில் ஒரு தமிழர்

இதுபோன்ற பயிற்சிகளில் பல வருடங்களாக ஒரு சீட்டாட்டம் புழங்குகிறது. பெயர் ‘பார்ங்கா’.

நான்கு நான்கு பேராக மேசைகளைச் சுற்றி உட்கார்கிறார்கள். மேசைக்கு ஒரு சிறு சீட்டுக்கட்டு, ஒரு தாளில் விதிகள். கொஞ்ச நேரம் படித்துப் பழகலாம். பிறகு தாளை வாங்கிக்கொள்வார்கள். அந்த நொடியிலிருந்து யாரும் பேசக் கூடாது, எழுதிக் காட்டவும் கூடாது. சைகை மட்டும்தான். சுற்று முடிந்ததும் ஜெயித்தவர் ஒரு மேசைக்கும் தோற்றவர் இன்னொரு மேசைக்கும் மாற வேண்டும்.

இரண்டாவது சுற்றில்தான் ஆரம்பிக்கும் ரகளை. புதிதாக வந்தவர் ஏஸை இறக்கிவிட்டு, சீட்டுகளை அள்ளக் கை நீட்டுவார். எதிரில் இருப்பவர் அந்தக் கையைத் தட்டிவிடுவார். புருவம் சுருங்கும். மேசையில் விரல் தட்டும் சத்தம். ஒருவர் சிரித்துச் சமாளிப்பார், ஒருவருக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிடும், இன்னொருவர் ‘எப்படியோ போங்கள்’ என்று நாற்காலியில் சாய்ந்துவிடுவார். ‘இவன் ஏமாற்றுகிறான்’ என்பதுதான் பாதிப் பேரின் மனதில் ஓடும்.

யாரும் ஏமாற்றவில்லை. மேசைக்கு மேசை விதித்தாள் வேறு! ஒரு மேசையில் ஏஸ்தான் பெரிய சீட்டு. பக்கத்து மேசையில் அதுவே ஆகச் சின்னது. ஓரிடத்தில் ஸ்பேட் துருப்பு, ஓரிடத்தில் டைமண்ட், இன்னோரிடத்தில் துருப்பே இல்லை. இது யாருக்கும் முன்கூட்டிச் சொல்லப்படுவதில்லை.

இந்த விளையாட்டை உருவாக்கியவர் ஒரு தமிழர் என்பது பலருக்குத் தெரியாது. சிவசைலம் தியாகராஜன். சென்னையில் ஆசிரியராக இருந்து, அமெரிக்கா போய், பயிற்சி விளையாட்டுகளை வடிவமைப்பதில் உலக அளவில் பெயர் வாங்கியவர். வெளிநாட்டில் அவரைச் செல்லமாக ‘தியாகி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். 1980-ல் ஆப்பிரிக்காவின் லைபீரியாவில், பார்ங்கா என்ற ஊரில் வேலை செய்தபோது, நண்பர்களோடு சீட்டாடியிருக்கிறார். ஆளாளுக்கு ஒரு விதியை நம்பிக்கொண்டு ஆடியதில் வந்த குழப்பம்தான் இந்த விளையாட்டுக்கு விதை.

ஆட்டத்தைவிட, அது முடிந்தபின் நடக்கும் உரையாடல்தான் பாடம். ‘எப்போது கோபம் வந்தது? யாரை முட்டாள் என்று நினைத்தீர்கள்? விட்டுக்கொடுத்தது யார், ஏன்?’ என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். எஸ்னெஸ் கிராமத்தில் 1921-ல் நடந்ததை இந்த மேசைகளோடு பொருத்திப் பார்க்கத் தோன்றுகிறது. வந்தவர்கள் கையில் ஒரு விதித்தாள். ஊர்க்காரர்கள் கையில் வேறொன்று. இரண்டு பேருமே நேர்மையாகத்தான் ஆடினார்கள்.

இன்னொரு பயிற்சி கேட்பதற்கு ரொம்பச் சின்னது, செய்வதற்கு ரொம்பக் கஷ்டம். மூன்று பேர் கொண்ட குழு. ஒருவர் தன்னார்வலராக நடித்துத் தன் பிரச்னையைச் சொல்ல வேண்டும். ஒருவர் மென்டாராகக் கேட்க வேண்டும். மூன்றாமவர் வேடிக்கை பார்க்க வேண்டும். ஒரே நிபந்தனை, கேட்பவர் அறிவுரை சொல்லக் கூடாது. ‘என்னோட காலத்துல...’ என்று தொடங்கக் கூடாது. எதிரில் இருப்பவர் பேச்சை நிறுத்தினால், அந்த மௌனத்தை அவசரமாக நிரப்பக் கூடாது. நம் ஊர்ப் பெரியவர்களை இந்தப் பயிற்சிக்கு உட்கார வைத்தால் எத்தனை பேர் மூன்று நிமிடம் தாங்குவார்கள் என்பது சந்தேகம்தான்!

எங்கே நிறுத்துவது?

மூன்றாம் நாள் வாக்கில் பேச்சு கனமாகும். எதுவரை உதவலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்ற எல்லைக்கோடு பற்றிய நாள் அது. உதாரணங்களைக் கொடுத்து விவாதிக்க விடுவார்கள்.

ராத்திரி பதினொரு மணிக்குப் போன் வருகிறது, ‘நாளைக்கே வீட்டுக்குப் போகணும்’ என்று. என்ன செய்வீர்கள்? பணம் கடனாகக் கேட்கிறார். கொடுப்பீர்களா? ‘யார்கிட்டயும் சொல்லாதீங்க, நான் ஒரு வாரமா சரியா சாப்பிடலை, தூங்கலை’ என்கிறார். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யலாமா? செய்யக் கூடாது என்பதுதான் பயிற்சி தரும் விடை. ரகசியம் காப்பது மென்டாரின் கடமை. ஆனால் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் தகுந்தவரிடம் சொல்லியே தீருவேன் என்பதை முதல் சந்திப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மென்டார் மனநல மருத்துவர் இல்லை. அந்த மருத்துவரின் போன் நம்பரைக் கையில் வைத்திருப்பவர்.

இவற்றைவிடச் சங்கடமான ஓர் உதாரணம் உண்டு. தன்னார்வலரைச் சம்பளமில்லாத வேலையாளாக நிறுவனம் பயன்படுத்துகிறது. சம்பளத்துக்கு ஆள் வைக்க வேண்டிய இடத்தைத் தன்னார்வலரைக் கொண்டு நிரப்பக் கூடாது என்பது திட்டத்தின் அடிப்படை விதி. இங்கே அந்த விதி மீறப்படுகிறது. ஆனால், மென்டாரைத் தேர்ந்தெடுத்ததே அந்த நிறுவனம்தான். இயக்குநர் அவருடைய பால்ய சிநேகிதர். சின்ன ஊர். நாளைக்கு ரொட்டிக் கடை வரிசையில் முகத்தில் முழிக்க வேண்டும். மென்டார் யார் பக்கம் நிற்பார்? பயிற்சி அறையில் எல்லோரும் ‘தன்னார்வலர் பக்கம்’ என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஊருக்குத் திரும்பினால் அது அவ்வளவு சுலபம் இல்லை. மென்டாருக்கும் தனியாகப் பேச ஓர் ஆள் வேண்டும் என்ற பேச்சு பயிற்சிகளில் எழுவது இதனால்தான்.

பலகையில் ஒரு கோடும் வரைவார்கள். 1955-ல் நார்வே நாட்டு ஆய்வாளர் ஸ்வெர்ரே லிஸ்கார்ட், அமெரிக்காவுக்குப் படிக்கப் போய்த் திரும்பிய தன் நாட்டவர் 200 பேரிடம் பேசி ஒரு கட்டுரை எழுதினார். போன புதிதில் உற்சாகம், நடுவில் சரிவு, பிறகு மெல்ல ஏற்றம் என்று ஆங்கில ‘யூ’ எழுத்துபோல மனநிலை அமைகிறது என்றார். எல்லோருக்கும் அப்படியே நடப்பதில்லை என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். அதனால் நல்ல பயிற்சியாளர்கள் அந்தக் கோட்டைப் பாடமாக நடத்துவதில்லை. வெற்றுத்தாள் கொடுத்து, ‘நீங்கள் வேறு ஊருக்குப் போன அனுபவத்தைக் கோடாக வரையுங்கள்’ என்கிறார்கள். ஒருவர் மலைபோல வரைவார், ஒருவர் தரையோடு தரையாக. முதல் நாளே பள்ளத்தில் தொடங்குபவரும் உண்டு.

தன்னார்வலர் கிளம்பும் நேரத்தில் ‘யூத்பாஸ்’ என்று ஒரு சான்றிதழ் கிடைக்கும். இந்த மாதங்களில் என்ன கற்றேன் என்பதை அவரே எழுத வேண்டும். உட்கார்ந்து பேசிப் பேசி அதை வெளியே கொண்டுவருவதிலும் மென்டாருக்குப் பங்கு உண்டு. ‘ஒண்ணும் கத்துக்கலை, முதியோர் இல்லத்துல காபி போட்டேன், அவ்வளவுதான்’ என்பவரிடம், ‘காது கேட்காத பாட்டிக்கு என்ன வேண்டும் என்று எப்படிப் புரிந்துகொண்டாய்?’ என்று கேட்கத் தெரிய வேண்டும்.

இந்தியாவுக்கும் இப்படி இளைஞர்கள் வருகிறார்கள். ஜெர்மன் அரசு 2008-ல் தொடங்கிய ‘வெல்ட்வேர்ட்ஸ்’ திட்டத்தில் 18 முதல் 28 வயது வரை உள்ளவர்கள் ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகளுக்குப் போகிறார்கள். சேவைக் காலத்தில் 25 நாள் பயிற்சி வகுப்புகள் கட்டாயம். போய்ச் சேரும் இடத்தில் கவனித்துக்கொள்ள ஒரு மென்டாரும் உண்டு. ஏதோ ஓர் இந்தியக் கிராமத்தில், ‘காரம் கம்மியாப் போடுங்க’ என்பதை எப்படிச் சொல்வது, எந்தத் தெருவில் எப்படி உடுத்துவது, ‘கல்யாணம் ஆயிடுச்சா?’ என்று வழியில் போகிறவர்கள் கேட்பதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பது எப்படி என்பதையெல்லாம் ஒரு ஜெர்மன் பையனுக்கு யாரோ ஓர் அக்கா சொல்லிக்கொண்டிருப்பார்.

பயிற்சியின் கடைசி நாளில் மென்டார்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுப்பதுண்டு. தங்கள் சொந்த ஊரின் வரைபடத்தைப் புதிதாக வந்து இறங்கும் ஒருவருக்காக வரைய வேண்டும். முதலில் எல்லோரும் தேவாலயம், அருங்காட்சியகம், நகராட்சி அலுவலகம் என்று வரைகிறார்கள். ‘மழை நாளில் காசு செலவில்லாமல் உட்கார இடம் எது?’ என்று பயிற்சியாளர் கேட்கும்போது பென்சில் நிற்கிறது. பிறகு நூலகத்தின் மூலை மேசை, வாஷிங் மெஷின் கடையின் பெஞ்சு, புதுமுகத்தைப் பார்த்தால் இரண்டு வார்த்தை பேசும் காய்கறிக் கடைக்காரர், கடைசி பஸ் நிற்கும் இடம், அந்த பஸ்ஸை விட்டுவிட்டால் கூப்பிட வேண்டிய நம்பர் என்று ஒவ்வொன்றாகத் தாளில் ஏறுகிறது.